ஊர்மன்றத்தில் மகளிர்

இஸ்ரவேல் மக்கள் யோர்தானைக் கடக்குமுன் மோவாபின் சமவெளியில் தங்கியிருந்த காலத்து, செலோப்பியாத் என்பானுடைய குமாரத்திகள் ஐவர் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் வந்து நின்றனர். மோசேயும், ஆசாரியனும், பிரபுக்களும், சபையார் அனைவரும் கூடியிருந்த இடம் அது. தந்தை ஆண்மக்களின்றி இறந்தான். ஆதலால் அவன் பெயர் வமிசத்தினின்றும் அற்றுப்போவானேன், எமக்கும் காணியாட்சி வேண்டும் என்பது அவர்கள் முறையீடு. அவர்கள் கேட்டது நியாயமே என்று தீர்ப்பாயிற்று. எண்ணாகமத்தின் இருபத்தேழாம் அதிகாரத்தில் இதனைப் படிப்போர் பலர். ஆனால் அந்நூலின் இறுதி அதிகாரத்தையும் உடன்வைத்துப் படிப்போர் சிலரே. ஆண்டு அக்கோத்திரத்துத் தலைவர்கள் வந்து, இப்பெண்கள் வேறு கோத்திரத்தாரை மணந்தால் நிலம் கைமாறிப் போகுமே என்று முறையிடுகின்றனர். உடனே ஒரு நிபந்தனை ஏற்படுகின்றது. உரிமை பறிக்கப்படவில்லை, ஆனால் அதனைச் சுற்றி ஒரு வேலி எழுந்துவிட்டது.

நம் நாட்டுச் சிறு நகரங்களின் மன்றங்களில் மகளிர் புகுந்த வரலாற்றை ஆராயப் புகுந்தபொழுது இவ்விரண்டு அதிகாரங்களுமே எம் நினைவிற்கு வந்தன. வாசலில் நின்று கேட்டதும், கேட்டது கிடைத்ததும், கிடைத்தபின் வேலி எழுந்ததும் ஈண்டும் உள்ளன.

பெருநகரங்களைப் பற்றிய செய்தி நாள்தோறும் பத்திரிகைகளில் வருகின்றது. சிற்றூர்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், ஊர் என்றும் சொல்ல இயலாது நகரம் என்றும் சொல்லக் கூசும் நிலையிலுள்ள பேரூர்களைப் பற்றி எழுதுவோர் அரியர். தமிழ் நாட்டில் இவற்றைப் பேரூராட்சி என்று தனிவகையாகப் பிரித்திருக்கின்றனர். 2022ஆம் ஆண்டுத் தேர்தலின்போது 21 மாநகராட்சிகளும் 138 நகராட்சிகளும் இருந்த இந்நாட்டில் பேரூராட்சிகள் மட்டும் 490 இருந்தன. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, சந்தை, பேருந்து நிலையம், இடுகாடு, சுடுகாடு ஆகியவை இவற்றின் பொறுப்பு. போர் தொடுப்பதும் நாணயம் அடிப்பதும் இவற்றின் வேலை அல்ல. ஆயினும் ஒரு பெண் காலையில் எழுந்தது முதல் இரவில் கதவடைக்கும்வரை அவளுக்கு அரசு என்பது யாது எனின், பெரும்பாலும் இப்பேரூராட்சியே. குழாயில் நீர் எப்பொழுது வரும், தெருமுனையில் விளக்கு எரியுமா, கடைவீதியில் ஒதுங்க இடம் உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறவேண்டியது அதுதான். ஆகவே ஆண் பெண் சமத்துவம் என்பது இவ்வூர்களில் மேடைப் பேச்சால் அளக்கப்படாது. மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தால் அளக்கப்படும் என்பது எம் கருத்து.

நிற்க. ஊராட்சி என்றவுடன் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் கூறாது விடுதல் தமிழ் மாணாக்கர்க்கு இயலாது. முதற் பராந்தக சோழன் காலத்தில் 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அவ்விரண்டும், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வாயிலாக வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், தன் மனையிற் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவை, மறைநூற் பயிற்சி ஆகியவை தகுதிகள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்தில் ஓலை இடப்படுவதற்கு உரியரல்லர். இக்கடைசி விதியைக் காணுந்தோறும் நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது, உண்டாவதும் முறையே. ஆனால் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பொன் வாரியமும் அமைத்த அப்பேரவையில் ஏரிநீரை நாள்தோறும் குடத்தில் முகந்து சென்ற மகளிர்க்கு இடம் இருந்ததாக அக்கல்வெட்டுக்கள் கூறவில்லை. சோழநாட்டு மகளிர் கோயிலுக்கு நிலமும் பொன்னும் விளக்கும் ஈந்த செய்திகள் கல்லில் மலிந்து கிடக்கின்றன. செம்பியன் மாதேவியாரின் திருப்பணிகளை அறியாதார் யார்? கொடுப்பவராக அவர்கள் பெயர் கல்லில் ஏறிற்று. முடிவு செய்பவராக ஓலையில் ஏறவில்லை. பழம்பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுவராயின் அப்பேச்சு முழுமை பெறும்.

ஆங்கிலர் ஆட்சியில் 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தால் ஸ்தல சுயாட்சி தழைத்தது. அதனிலும் பெண்டிர்க்கு இடமில்லை. 1921இல் சென்னைச் சட்டசபை, மற்றை மாகாணங்களுக்கெல்லாம் முன்னதாக, பெண்பாலார் என்னும் காரணத்தால் வாக்குரிமை மறுக்கலாகாது எனத் தீர்மானித்தது. எனினும் வாக்குரிமை சொத்தைப் பொறுத்திருந்தமையின், சொத்தில்லாப் பெண்டிர்க்கு இத்தீர்மானம் தாளளவில் நின்றது. 1927இல் புதுக்கோட்டை தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அச்சபையில் அமர்ந்து அதன் துணைத்தலைவரும் ஆனார். 1956இல் திருமதி தாரா செரியன் சென்னை மாநகரின் மேயரானார். இவையெல்லாம் மேன்மக்கள் சிலர் தம் கல்வியாலும் குடிச்சிறப்பாலும் எய்திய இடங்கள். கடைத்தெருவில் கீரை விற்பவள் மன்றத்தில் அமர்தற்கு இவற்றால் வழி பிறந்ததில்லை. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழுவினர் கூறியதும் ஆடவர் கூடி இரண்டொரு பெண்டிரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் அளவே. விருந்தினராக அழைக்கப்பட்டவர் வீட்டுக் கணக்கைக் கேட்பது எங்ஙனம்?

கணக்குக் கேட்கும் உரிமை வந்தது அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்களால். 1989இல் இம்முயற்சி மேலவையில் ஒருமுறை தோற்று, 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிலும் நகர மன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்கள் மகளிர்க்கு என்பது விதி. பட்டியல் சாதியார்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்ட இடங்களிலும் மூன்றில் ஒன்று அவ்வகுப்புப் பெண்டிர்க்கே. 1996ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ் நாட்டில் இவ்விதிப்படி முதன்முதல் தேர்தல் நிகழ்ந்தது. 2016இல் இந்நாட்டுச் சட்டசபை மூன்றில் ஒன்றைச் சரிபாதியாக உயர்த்திற்று. ஊர்மன்றங்களுக்கு 1993இலேயே விதித்த இம்முறையைப் பாராளுமன்றத்துக்கும் சட்டசபைகளுக்கும் விதிக்கச் சட்டம் இயற்ற 2023ஆம் ஆண்டு செப்டம்பர் வரை ஆயிற்று என்பதையும் ஈண்டே குறித்துக்கொள்க. பெரியோர் தமக்கு இட்டுக்கொள்ளத் தயங்கிய மருந்தைச் சிறியோர்க்கு முன்னரே ஊட்டிவிட்டனர்!

சரிபாதி என்று சட்டம் வந்த அவ்வாண்டே ஒரு விந்தை நேர்ந்தது. நகர்ப்புற மன்றங்களின் காலம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது; அடுத்த தேர்தல் நிகழ்ந்ததோ 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாளில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம் தனி அலுவலர்களே ஊர்களை ஆண்டனர். ஆண்களுக்கும் மன்றம் இல்லை, பெண்களுக்கும் மன்றம் இல்லை. இதுவும் ஒருவகைச் சமத்துவமே என்று நகையாடலாம். ஆனால் அக்காலத்துக் குழாயில் நீர் வராத தெருப் பெண்கள் யாரிடம் சென்று முறையிட்டனர் என்று எண்ணும்பொழுது நகைப்பு நின்றுவிடும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய மூவகையிலுமாக 12,838 வார்டுகள் இருந்தன. அவற்றுள் பேரூராட்சி வார்டுகள் மட்டும் 7,621. இவற்றில் ஏறத்தாழப் பாதி மகளிர்க்கு ஒதுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான பெண்டிர் ஒரே நாளில் பொறுப்பிற்கு வந்தனர் என்பது எந்நாட்டு வரலாற்றிலும் எளிய செய்தி அன்று.

இனி வேலியைப் பற்றிக் கூறுவாம். அவ்வேலிக்குப் பெயர் கணவன். சில இடங்களில் தந்தை, சில இடங்களில் மைத்துனன், சில இடங்களில் கட்சிக்காரர். வடநாட்டில் தலைவியின் கணவரைக் குறிக்கத் தனிச்சொல்லே வழங்குகின்றது; தலைவியின் பதவிப் பெயரோடு பதி என்பதைச் சேர்த்து அழைக்கின்றனர். மைய அரசு 2023இல் இதனை ஆராயக் குழுவொன்று அமைத்ததும், அக்குழு 2025இல் அறிக்கை தந்ததும் இவ்வழக்கம் எத்துணைப் பரவியது என்பதற்குச் சான்று. நம் நாட்டில் அச்சொல் இல்லை. பொருள் இல்லை என்று யாரும் கூறார்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பேரூராட்சியின் மன்றக் கூட்டத்தைத் தலைவரின் இசைவு பெற்று யாம் கண்டோம். ஊரின் பெயர் ஈண்டு வேண்டா. தலைவர் ஓர் அம்மையார். அவர்க்குப் பின்னே, கதவிற்கு வெளியே, ஆனால் கதவு திறந்திருக்கும்படி ஒரு நாற்காலியில் அவர் கணவர் அமர்ந்திருந்தார். செயல் அலுவலர் கொணர்ந்த கோப்புகள் முதலில் அந்நாற்காலிக்குச் சென்று பின்னரே மேசைக்கு வந்தன. ஒருவரும் இதனை வியப்பாகக் கொள்ளவில்லை. தபால் வரும் வழி அது என்பதுபோல் இருந்தனர். தீர்மானங்கள் எண்ணால் மட்டும் கூறப்பட்டு, நிறைவேறின என்று எழுதப்பட்டன. உறுப்பினர் புத்தகத்தை வாங்கிக் கையொப்பமிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் தள்ளினர். ஆடவரும் அங்ஙனமே செய்தனர் என்பதை நியாயத்தின்பொருட்டுச் சொல்லவேண்டும். படியாது ஒப்பமிடுதல் பெண்பாலார்க்கே உரிய குணம் அன்று.

புத்தகம் தையல் தொழில் செய்யும் ஓர் உறுப்பினரிடம் வந்தபொழுது அவ்வம்மையார் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஐயா, ஒன்பதாம் தீர்மானத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்" என்றார்.

"அது பழைய குத்தகையைப் புதுப்பிப்பது அம்மா, புதிதாக ஒன்றும் இல்லை" என்றார் அலுவலர்.

"புதிதாக ஒன்றும் இல்லையென்றுதான் வாசிக்கச் சொல்லுகிறேன்" என்றார் அவர்.

வாசித்தனர். பேருந்து நிலையத்துப் பொதுக் கழிப்பறையின் குத்தகை அது. ஆடவர் சிறுநீர் கழிக்கும் இடத்திற்குக் கட்டணம் இல்லை. மகளிர் எதற்குச் சென்றாலும் ஐந்து ரூபாய். "எங்களுக்கு மட்டும் ஏன்?" என்று அவர் கேட்டார். ஓர் உறுப்பினர் நகைத்தார். மற்றொருவர், ஏலத்தொகை குறைந்தால் ஊருக்கு நட்டம் என்றார். அதுகாறும் வாய் திறவாதிருந்த தலைவியார், கதவுப்பக்கம் திரும்பாமலே, "இதை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவையுங்கள்" என்றார். வெளியே நாற்காலி அசைந்த ஓசை கேட்டது. அன்று நிகழ்ந்தது அவ்வளவே.

அவ்வளவு சிறிய செய்தியை இத்துணை விரிப்பானேன் எனின், கூறுவாம். மன்றத்தில் பெண் அமர்ந்தால் ஊர்ப்பணம் வேறு வழியிற் செல்லுமா என்பது வெறும் ஊகத்தால் விடைகாணும் வினா அன்று. வங்காளத்திலும் இராஜஸ்தானத்திலும் எவ்வூர்த் தலைமை மகளிர்க்கு ஒதுக்கப்படும் என்பதைச் சீட்டுப் போடுவதுபோன்ற முறையால் முடிவு செய்தனர். இதனால் பெண் தலைமை தாங்கிய ஊர்களையும் ஏனைய ஊர்களையும் ஒப்பிட்டு நோக்க நல்ல வாய்ப்பு உண்டாயிற்று. இராகவேந்திர சட்டோபாத்தியாயரும் எஸ்தர் தூஃப்ளோ அம்மையாரும் அவ்வாறு ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெண் தலைமை தாங்கிய ஊர்களில் குடிநீர்க்குச் செலவிட்ட பொருள் மிகுதி எனக் கண்டனர். வங்காளத்தில் பெண்டிர் சாலையைப் பற்றியும் முறையிட்டனர். ஆண்டுச் சாலையும் மிகுந்தது. இராஜஸ்தானத்தில் சாலையை வேண்டியவர் ஆடவரே. ஆண்டுப் பெண் தலைமையில் சாலைச் செலவு குறைந்தது. பெண் இயல்பிலேயே இரக்கம் மிக்கவள் என்னும் பழைய புகழ்ச்சியை இவ்வாராய்ச்சி மெய்ப்பிக்கவில்லை. எவர்க்கு எது தேவையோ அதனை அவர் நாடுவர் என்பதையே மெய்ப்பித்தது. புகழ்ச்சியினும் இவ்வுண்மையே மகளிர்க்குப் பயன் தருவது.

இன்னொன்று. வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்தில் 495 ஊர்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டதொரு கட்டுரை, இருமுறை பெண் தலைமைக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், பெற்றோர் தம் மகனைப் பற்றிக் கொண்ட ஆசைக்கும் மகளைப் பற்றிக் கொண்ட ஆசைக்கும் இடையிலிருந்த வேற்றுமை நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது என்கின்றது. இளம்பருவத்தினர் தம்மைப்பற்றித் தாமே கொண்ட எண்ணத்தில் அவ்வேற்றுமை நூற்றுக்கு 32 பங்கு குறைந்தது. பள்ளிக் கல்வியில் ஆண் பெண் வேற்றுமையே மறைந்தது. இதற்கெனத் தலைவி தனிச்சட்டம் ஒன்றும் இயற்றவில்லை. வீதியில் ஒரு பெண் தலைவியாய் நடந்து சென்றதைப் பெண்மக்கள் கண்டனர். ஒருமுறை கண்டது போதவில்லை, இருமுறை வேண்டியிருந்தது என்பதை, ஒதுக்கீட்டைச் சுழற்றுவோர் கருத்தில் இருத்தல் நலம்.

குடிநீர் என்றோம். அதற்கு உயிரே விலையாகிய வரலாறும் நம் நாட்டில் உண்டு. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் மதுரை மாநகராட்சிக்கு வில்லாபுரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட லீலாவதி அம்மையார் நெசவுத் தொழிலாளர். தம் பகுதிக்கு மாநகராட்சிக் குடிநீர் வேண்டுமென்று விடாது உழைத்தார். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பதவியேற்ற ஓராண்டு நிறையுமுன், பட்டப்பகலில் தெருவில் வெட்டுண்டு இறந்தார். மதுரை பேரூர் அன்று, பெருநகர். எனினும் ஒதுக்கீட்டு இடத்தில் வந்த பெண்கள் எல்லாரும் பொம்மைகள் என்று எளிதில் எழுதுவோர்க்கு இப்பெயரை நினைவூட்டுதல் எம் கடமை என்று எண்ணினோம். பொம்மைகளை ஒருவரும் கொல்லார்.

மீண்டும் கழிப்பறைக்கு வருவாம். கலாசாலைச் சஞ்சிகையில் எழுதத் தகாத பொருள் என்று கருதுவோர் பொறுத்தருள்க. அப்பேருந்து நிலையத்தில் பூ விற்கும் மூதாட்டி ஒருவரிடம் யாம் உரையாடினோம். வைகறை ஐந்து மணிக்குக் கூடையோடு வருவார். பகல் பன்னிரண்டுக்கு வீடு திரும்புவார். "காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன் சாமி, குடித்தால் எங்கே போவது?" என்றார். ஐந்து ரூபாய் அவர்க்கு ஒரு முழம் பூவில் கிடைக்கும் ஆதாயத்திற்கு நிகர். எதிரே நிழற்சுவரின் பின்னே ஆடவர் காசின்றிச் சென்று வருகின்றனர். 2011ஆம் ஆண்டு முதல் பம்பாயில் மகளிர் சங்கங்கள் இவ்வேற்றுமையை எதிர்த்தே கிளர்ச்சி செய்தன. பெருநகரில் சங்கம் கூடிக் கேட்டது, எம் பேரூரில் தையற்காரியார் ஒருவர் பேனாவை மூடிவைத்துக் கேட்டது, வினா ஒன்றே.

பேரூராட்சி இத்துறையில் செய்யக்கூடியவை பலவற்றிற்குப் புதுச்சட்டம் வேண்டியதில்லை. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்க்கென அறைகள் 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ் நாடெங்கும் திறக்கப்பட்டன. அவற்றைப் பூட்டி வைக்காமலும் பழைய துடைப்பங்களை அடுக்காமலும் இருந்தால் போதும். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டப்படி அமையும் நகர வணிகக் குழுவில் வணிகரின் பங்கு நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையலாகாது. அவ்வணிக உறுப்பினருள் மூன்றில் ஒருவர் பெண்ணாதல் வேண்டும். பூக்காரிக்கும் மீன்காரிக்கும் தம் இடத்தைப் பற்றிப் பேச வழி இதுவே. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைசெய்யும் இடத்தில் பெண்ணுக்கு இழைக்கப்படும் பாலியற் கொடுமையைப் பற்றிய முறையீட்டைப் பெறுதற்கு நகர்ப்புறத்து வார்டிலோ நகர மன்றத்திலோ ஓர் அலுவலர் குறிக்கப்படவேண்டும். அவர் அதனை ஏழு நாட்களுக்குள் மாவட்டத்துக் குழுவிற்கு அனுப்பவேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்ணும் இச்சட்டத்திற்கு உட்பட்டவளே. அவ்வலுவலரின் பெயரைப் பேரூராட்சி வாசலில் எழுதிவைக்க எத்துணைச் சுண்ணாம்பு செலவாகும்?

பொருளில்லாமல் எதுவும் நடவாது என்பர். கேரளத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். 1997-98ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் தன் திட்டப்பணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கை மகளிர்க்கென்றே ஒதுக்கவேண்டும் என விதித்தனர். அதற்கு முன்பே ஆலப்புழை நகரில் ஏழைக் குடும்பத்துப் பெண்களை அயற்கூட்டங்களாகச் சேர்த்து, கழிப்பறை இன்மை, நல்ல நீர் இன்மை, இருவேளைக்கு மேல் உணவின்மை முதலிய ஒன்பது குறிகளால் வறுமையை அளந்தறியும் முறையை அந்நகரம் நடத்திக் காட்டிற்று. வறியவர் யார் என்பதை அலுவலர் வந்து எழுதுவதைவிட அண்டை வீட்டுப் பெண்கள் கூடி முடிவு செய்தல் பொருத்தம் என்பது அதன் கருத்து. 1998இல் எழுந்த குடும்பஸ்ரீ இயக்கத்திற்கு இதுவும் ஒரு வித்து. தமிழ் நாட்டிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சிறந்து விளங்குகின்றன; சேமிப்பிலும் கடனிலும் அவற்றின் நாணயம் பெரிது. ஆனால் அக்குழுக்கள் ஒரு வழியிலும் மன்றம் மற்றொரு வழியிலும் நடக்கின்றன. குப்பை பிரிக்கவும் கோலம் போடவும் பேரணியில் வரிசையாக நிற்கவும் குழுப்பெண்களை அழைக்கும் மன்றம், வரவு செலவுத் திட்டம் எழுதும் நாளில் அவர்களை அழைப்பதில்லை. 2022ஆம் ஆண்டு விதிகளால் நகர்ப்புறங்களுக்கும் பகுதி சபைகள் ஏற்பட்டு, அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் கூடின. அச்சபைகளில் இக்குழுக்கள் புகுந்து குழாய்க் கணக்கைக் கேட்கத் தொடங்கினால் அதுவே வழியாகலாம் என்று யாம் நம்புகின்றோம்.

மன்றம் தன் வீட்டையும் நோக்குதல் வேண்டும். விடியுமுன் தெருவைக் கூட்டும் பெண்கள் பேரூராட்சியின் ஊழியரே. பலர் ஒப்பந்தக்காரரின் கீழ் நாட்கூலி பெறுவோர். சமவேலைக்குச் சமகூலி என்பது 1976ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. ஊரெல்லாம் தூய்மை செய்யும் இவர்கள் கைகால் கழுவி உடைமாற்ற ஓர் அறை அலுவலகத்தில் உண்டா? யாம் கண்ட ஊரில் இல்லை. மார்ச்சுத் திங்கள் எட்டாம் நாளன்று அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்திருந்தனர். அப்படம் அலுவலகச் சுவரில் அழகிய சட்டத்துள் தொங்குகின்றது. அதில் பெண்கள் நிற்கின்றனர், பொன்னாடை போர்த்துவோர் அமர்ந்திருக்கின்றனர்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவ்வூர்க்கு மீண்டும் சென்றோம். ஒத்திவைத்த தீர்மானம் இரண்டு கூட்டங்கள் கடந்து மூன்றாவதில் நிறைவேறியிருந்தது. மகளிர் சிறுநீர் கழித்தற்குக் கட்டணம் இல்லை என்று கழிப்பறைச் சுவரில் நீலமையால் எழுதியிருந்தனர். பழைய ஐந்து ரூபாய் அதன் அடியில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. ஏலத்தொகை குறைந்ததா என்று வினவினோம். சிறிது குறைந்தது, ஊர் அழியவில்லை என்றார் எழுத்தர்.

பூக்கார மூதாட்டியார் அதே இடத்தில் இருந்தார். இப்பொழுது தண்ணீர் குடிக்கின்றீர்களா பாட்டி என்று கேட்டோம். திறவுகோல் குத்தகைக்காரர் மகனிடம் இருக்கின்றதாம். அவர் எழுந்து வந்து திறக்கும்பொழுது மணி எட்டாகின்றதாம். "எட்டுக்கு அப்புறம் குடிக்கிறேன்" என்றார். அன்று மாலை தையற்கடைக்குச் சென்று இதனை அவ்வுறுப்பினரிடம் கூறினோம். அவர் பொறியை நிறுத்தி, அளவு குறிக்கும் சீட்டின் பின்புறத்தில் "ஐந்து மணி, சாவி" என்று எழுதி, ஊசி குத்தும் பஞ்சுமெத்தையின்கீழ் வைத்தார். அடுத்த கூட்டம் பன்னிரண்டு நாட்களில் வருகின்றது என்றார்.